சுண்டனுக்கு விழுந்த அடி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எவ்வளவு அடித்தாலும் பத்துவதில்லை. பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்ட வேண்டுமென்றால் எதிரே செல்போனை நிறுத்த வேண்டும். அதில் ஒரு எலி அடி வாங்க வேண்டும். எலி நசுங்கினால்தான் பிள்ளை வாயைத் திறக்கும். எலியின் மண்டை வீங்குவதைப் பார்த்துப் பெற்றவர்களும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார்கள். இதெல்லாம் ஒரு சிரிப்பா? அதுவும் போதாதென்று, அடி உண்மையாக இல்லை, இன்னும் உறைக்க வேண்டும் என்று படக் கம்பெனிக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முப்பது வருஷமாகப் பொம்மைப் படங்களுக்கு அடிச் சத்தம் போடுகிறவரிடம் சொல்கிற பேச்சா அது?

அவரை எல்லோரும் டமால் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

டமாலின் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மதிய வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஒரே இருட்டு. சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்த துணி, அதனால் பேசுகிற பேச்சு உதட்டை விட்டு நகராமல் அங்கேயே செத்துப்போகும். எதிரே ஆள் உயரக் கண்ணாடித் திரை. மேஜையில் அவருடைய சாமான்கள்: எலும்பு முறியும் சத்தத்துக்குக் காய்ந்த குச்சிகள், முதுகில் விழும் அடிக்கு ஈரத்தோல் பை, மண்டைக்குப் பூசணிக்காய், ஓர் இரும்புச் சுத்தியல். படத்தில் தடியன் என்கிற சமையல்காரன் கரண்டியை ஓங்கும்போது இவரும் ஓங்குவார். அவன் போடும் நொடியில் இவரும் போடுவார்.

இடது பக்கக் கண்ணாடிக்கு அந்தப்புறம் இன்னொரு சின்ன அறை. அதில் அவருடைய மகள். தடியனிடம் அடி வாங்கும் சுண்டன் என்கிற எலிக்கு அவள்தான் குரல். நாற்பதை நெருங்குகிறவள், மைக் முன்னால் நின்றால் கீச்சென்று குழந்தையாகிவிடுவாள். பின்பக்கக் கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவு மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் இன்ஜினியர், வழுக்கைத் தலைக்காரர்.

அன்றைக்கு முதலில் கோணலாக வந்தது ஒரு சின்னச் சத்தம்தான். டமால் தோல் பையில் ஓர் அடி போட்டார். இன்ஜினியர் அதைத் திரும்ப ஓடவிட்டார். அடிக்குப் பின்னால், நூல் மாதிரி மெலிதாக, ஒரு கீச்.

"ஏம்மா, உன்ன யாரு இப்பவே கத்தச் சொன்னா?" என்று இன்ஜினியரின் குரல் ஹெட்போனில் கேட்டது.

"நான் எங்க சார் கத்துனேன்? தண்ணி குடிச்சிட்டு இருந்தேன்" என்றாள் மகள்.

"அப்போ நெசமாவே எலி பூந்திருச்சு போல. அண்ணே, உங்க பூசணிக்காய்க்கு ஆள் வந்தாச்சு."

டமால் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். எலி இல்லை. வாடை மட்டும் இருந்தது. ஈரத்தோலின் வாடையையும் பழைய பூசணியின் புளிப்பையும் தாண்டி, பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்ததும் முகத்தில் அறையுமே, அந்த எலி மூத்திர நெடி.

படம் மறுபடி ஓடியது. தடியன் கரண்டியால் சுண்டனின் முதுகில் வெளுத்தான். டமாலும் ஈரத்தோலில் வெளுத்தார். கம்பெனிக்காரர்கள் மேலிருந்த கோபமெல்லாம் அதில் இறங்கியது. ஹெட்போனில் மகள் அலறினாள். பிரமாதமான அலறல். 'இப்பதான் உருப்படியா நடிக்கிறா கழுதை' என்று நினைத்துக்கொண்டார்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு இந்த அறைக்கு வந்தாள். ரவிக்கைக்குக் கீழே, இடுப்புக்கு மேலே, கரண்டிக் காம்பு அகலத்துக்குச் சிவப்பாக ஒரு தடிப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கன்றியது.

"அப்பா, நீ அடிச்சப்ப வந்துச்சு இது."

டமால் அதை ஒரு பார்வை பார்த்தார். "உம் புருஷன் கை நீட்டுனானா?"

"அவரு ஊர்லயே இல்லப்பா!"

"அவனுக்குப் பரிஞ்சு பேசாத. அன்னைக்கே சொன்னேன், அந்த மூஞ்சியும் முழியும் சரியில்லன்னு."

"ஐயோ, நான் என்ன சொல்றேன், நீ என்ன பேசுற! உன் கைல இருக்கறதக் கீழ வைப்பா. இன்னைக்கு வேண்டாம்."

"வேல செய்ய வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. கதை கட்டாத."

அவள் தன் அறைக்குத் திரும்பி, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, இரண்டு கைகளையும் மைக் தாங்கியின் மேல் அகல விரித்து வைத்தாள். நான் எதையும் தொடவில்லை, நீயே பார்த்துக்கொள் என்கிற மாதிரி.

திரையில் படம் நின்றிருந்தது. தடியன் இல்லை. காலிச் சமையலறை நடுவில் சுண்டன் மட்டும். டமால் நிமிர்ந்தபோது சுண்டன் மெல்லத் தலையைத் திருப்பியது. இந்தக் காட்சி அவருக்கு மனப்பாடம். இப்படி ஒரு திரும்பல் அதில் கிடையாது. எலி அவரைப் பார்த்தது. இடது கையை நீட்டியது. சுண்டு விரலை மட்டும் தனியாகத் தூக்கிக் காட்டியது.

'வரைஞ்சவன் புதுசா ஏதோ சேர்த்திருக்கான்' என்று டமால் நினைத்தார். கை தானாகக் குச்சியை எடுத்தது. மகள் சொல்வது பொய் என்று இப்போதே தெரிந்துவிடும். தெரிந்தால் எல்லோரும் வேலையைப் பார்க்கலாம்.

மெதுவாகத்தான் முறித்தார்.

கண்ணாடிக்கு அப்பால் மகளின் சுண்டு விரல் பின்பக்கமாக மடங்கியது. யாரும் தொடவில்லை. மடங்கி, புறங்கையில் படுத்துக்கொண்டது. அவள் வாயைத் திறந்தாள். ஹெட்போனில் வந்தது சுண்டனின் குரல். கீச்.

"கதவு இடுக்குல வச்சிருப்பா. வரும்போது கதவு இடுக்குல..." என்று டமால் முணுமுணுத்தார். பின்வாங்கினார். முழங்கை பட்டுப் பூசணிக்காய் உருண்டது. பிடிக்கப் பாய்ந்தார். பிடிக்க முடியவில்லை.

தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

அவர் இடது பக்கம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியில் சிவப்பாக ஏதோ தெறித்து வழிவது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"படத்த நிறுத்துய்யா!" என்று கத்தினார்.

"அப்பவே நிறுத்திட்டேன் அண்ணே!" என்று இன்ஜினியர் திருப்பிக் கத்தினார். "அந்தப் பொண்ணு முதல் தடவ கத்துனப்பவே நிறுத்திட்டேன். மெஷின்ல ஒண்ணும் ஓடல. திரை இருட்டாத்தான கெடக்கு?"

திரை இருட்டாக இல்லை. சுண்டன் கிட்டே வந்துகொண்டிருந்தது. காது தெரியவில்லை இப்போது. மீசை தெரியவில்லை. பற்கள் மட்டும். எத்தனை வருஷ அடி. எத்தனை மண்டை. ஒன்றைக்கூட மறக்காத கண்கள்.

சிரித்தது.

டமாலுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். சுத்தியலைத் தூக்கினார். அந்த முகத்தின் நட்ட நடுவில் போட்டார். முப்பது வருஷத்தில் போட்டதிலேயே பெரிய அடி.

திரை நொறுங்கியது. இருட்டு. ஹெட்போனில் சத்தமே இல்லை. பிறகு, சொட்டுச் சொட்டாக ஏதோ சொட்டும் சத்தம்.

இன்ஜினியர் ஓடிப்போய் விளக்கைப் போட்டார். அவள் அறைத் தரையில் அவளை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தார். டமால் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். மண்டை பிளந்திருந்தது, மூக்கு இருந்த இடம் குழியாக இருந்தது. ஆனால் நெஞ்சு ஏறி இறங்கியது. உயிர் இருக்கிறது.

"கண்ணாடிச் சில்லு பறந்து பட்டிருக்கு. வேற ஒண்ணும் இல்ல. நான் வண்டி பிடிச்சிட்டு வர்றேன்" என்றார் டமால்.

இரண்டு அறைக்கும் நடுவில் கண்ணாடி முழுசாக நின்றுகொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

அறைக்கு வெளியே நீளமான நடை. சிமென்ட் தரையில் செருப்பு பட்பட்டென்று அடித்தது. நாலு எட்டு வைத்திருப்பார்.

"அண்ணே, நடக்காதீங்க!"

டமால் நின்றார்.

"கால எடுத்து வைக்காதீங்கண்ணே! நீங்க வைக்க வைக்க இவ நெஞ்சு உள்ள போகுது!"

"படிச்ச ஆளு பேசுற பேச்சா இது?" என்றார் டமால், திரும்பாமல். பயந்தவன் வாயில் எது வேண்டுமானாலும் வரும். பிள்ளை செத்துக்கொண்டிருக்கும்போது பெற்றவன் சிலை மாதிரி நிற்பதா? வண்டி தானாக வருமா?

ஆனாலும் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நம்பி இல்லை. செருப்பு இல்லாவிட்டால் வேகமாகப் போகலாம், அவ்வளவுதான்.

வலது காலை வைத்தார். பின்னால் ஒரு கீச்.

இடது கால். கீச்.

இன்ஜினியர் இப்போது வார்த்தை இல்லாமல் வெறுமனே கத்திக்கொண்டிருந்தார். தெருக் கதவு தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. இன்னும் ஒரு இருபது எட்டு இருக்கும். ஒவ்வொரு காலுக்கும் பின்னால் அந்தக் குரல் சன்னமாகிக்கொண்டே வந்தது, ஈரமாகிக்கொண்டே வந்தது. டமால் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்தினால் நம்பியதாக ஆகிவிடும்.

நடையை எட்டிப் போட்டார்.