மேல்வீட்டு வெளிச்சம்

டோர்ச் வழக்கம்போல மூன்று தரம்தான் மின்னியது. ஆனால் பலாமரத்துக்கு மேலே தெரிய வேண்டிய வெளிச்சம், மரத்துக்குக் கீழே தெரிந்தது.

ஞானேஸ்வரி குசினியில், அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். மாலை நாலு மணிக்கே கம்பளை மலைக்கு யாரோ அடுப்புக்கரி பூசிவிட்டிருந்தார்கள். வங்காள விரிகுடாவில் பிறந்த புயல், கடலை அப்படியே தூக்கிவந்து இவள் வீட்டுத் தகரத்தில் மட்டும் கொட்டுவதென்று சபதம் எடுத்ததுபோல மூன்று நாளாகப் பெய்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் வாசலில் யானை பிளிறினாலும் கொசு என்றுதான் நினைக்க வேண்டும். சுவரில் ஈரம், அரிசி டின்னுக்குள் ஈரம், மூக்கு நிறையப் பச்சை மண் வாடை.

கரண்ட் இல்லை. போனில் சிக்னலும் இல்லை. அதனால் மேல்வீட்டு பஹீமும் ஹபீலாவும் இவர்களோடு ஓர் ஏற்பாடு பேசியிருந்தார்கள். மணிக்கொரு தடவை மேலிருந்து மூன்று தரம் டோர்ச் அடிப்பார்கள். கீழிருந்து இவர்கள் மூன்று தரம். மண் மேலிருந்துதானே சரியும்? மேல் வெளிச்சம் நின்றால் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

"அதான் நிக்கலையே," என்றார் கணவர் அழகையா, பதிலுக்கு அடித்துவிட்டு. "பின்ன எதுக்கு முகாமுல போயி பருப்புக்கு வரிசையில நிக்கணும்?"

"கீழ தெரியுதுங்க."

"பஹீம் வாய்க்கால் வெட்ட எறங்கியிருப்பான். நீ பயந்தே மலையச் சரிச்சிருவ போல."

ஐந்து மணி. மூன்று தரம். இப்போது இவர்கள் வீட்டுத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். பிடித்திருக்கும் ஆளைக் காணவில்லை.

முன்கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு றவூப், இடுப்புவரை சேறு.

"அண்ணே, இன்னும் எறங்கல்லியா? பாதை போகப்போகுது."

"மேல்வீட்டுல லைட் அடிக்கிறாங்களே தம்பி."

றவூப் சிரிக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

"பஹீம்ட வீடு ரெண்டு மணிக்கே மண்ணோட போயிட்டு. ரெண்டு பேரும் உள்ளுக்குத்தான். மழைச் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது. வாங்க, நான் போய் எங்கட உம்மாவத் தூக்கிட்டு வாறன்."

அவன் ஓடினான். காற்று கதவை அறைந்து சாத்தியது.

ஞானேஸ்வரி பையை எடுத்தாள். அழகையா கதவை இழுத்தார். வரவில்லை. காலை வைத்து உதைத்து இழுத்தார். கதவு நிலை கோணியிருந்தது.

மழைச் சத்தம் அடங்கியது. ஒரு பக்கம் மட்டும். குசினிப் பக்கம்.

இருவரும் திரும்பினார்கள். ஜன்னல் கண்ணாடியில் சேறு ஏறிக்கொண்டிருந்தது. மெதுவாக. பால் பொங்குவதுபோல. மேல்சட்டம் வரை.

அந்தச் சேற்றுக்கு உள்ளே, மஞ்சளாக.

ஒன்று. இரண்டு. மூன்று.

"அடிக்காதீங்க," என்றாள்.

அழகையாவின் கட்டைவிரல் அதற்குள் அழுத்தியிருந்தது. பழக்கம். மூன்று தரம்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம், சேற்றுக்குள்ளிருந்து, விரல்கள் வந்தன. நாலு கை. சட்டத்தை ஓரம் ஓரமாகத் தடவி, ஜன்னல் கொக்கி எங்கே என்று பொறுமையாகத் தேடின.