நூல் அழிந்த குருவி

"ஏங்க... ஈரத்துணியை எடுங்க முதல்ல!"

ஆரோக்கியசெல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோயிலில் மாதா படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பினால்... வாசலில் மழையில் நனைந்தபடி ஒருத்தன். என்ன கண்ணு அது... திட்டும்போதுகூடச் சிரிக்கிற கண்ணு.

அவன் சகாயராஜ். பழைய ஓவியங்களைச் சரிபண்ணுகிறவன். ஃபாதர்தான் புதுச்சேரியிலிருந்து வரவழைத்திருந்தார். மரக்காணத்து உப்பளக் காற்றில் ஜன்னல், சைக்கிள், சாமி படம் எல்லாமே வெள்ளை பூத்துப் போகும். துடைக்காமல் விட்டால்தான் தப்பு. வருஷா வருஷம் உப்பு வாரும் முன்னால் மாதா படத்தைத் துடைப்பது செல்வி வீட்டு உரிமை. அதில் வந்து இவன் கை வைத்தால்?

படம் நானூறு வருஷத்துப் பழசாம். முட்டை மஞ்சள் கருவில் வண்ணம் குழைத்து மரப்பலகையில் தீட்டியதாம். ஈரம் ஆகவே ஆகாதாம். பாலன் இயேசுவின் விரலில் உட்கார்ந்திருந்த சிவப்பு மூஞ்சிக் குருவியைக் காட்டினான். பின்னாளில் சிலுவை சுமந்த இயேசுவின் முள்முடியிலிருந்து முள்ளைப் பிடுங்கப் போய் அதன் முகத்தில் ரத்தம் தெறித்ததாம். பாலன் படப்போகிற பாடுகளுக்கு அது அடையாளமாம். அப்புறம் லென்ஸைக் கொடுத்து, குருவியின் காலில் ஒட்டியிருந்த துளி வண்ணத்தைப் பார்க்கச் சொன்னான். குருவியை விரலோடு கட்டியிருந்த நூலின் மிச்சம்.

"மீதியை உங்க வீட்டார் துடைச்சே அழிச்சிட்டாங்க."

சுருக்கென்றது. படத்தை நீங்களே வெச்சிக் கும்பிடுங்க என்று போனவள்தான்... அப்புறம் கோயில் பக்கமே வரவில்லை.

மனசு சும்மா கிடக்குதா? பாத்திரத்தை எடுக்கிறாள், வைக்கிறாள். கோயில் மணி அடித்தால் வாசலுக்கு ஓடுகிறாள். போதாக்குறைக்கு, ஞாயிற்றுக்கிழமை பொம்மையார்பாளையத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா சொல்லிவிட்டார். அவன் இன்றைக்குக் கிளம்புகிறான் என்று காதில் விழுந்ததும்... சே, வீம்பாவது மண்ணாவது. மழையிலேயே ஓடினாள்.

படத்துக்கு முன்னால் மெல்லிய பிரஷ்ஷோடு நின்றிருந்தான். அன்றைக்கு அப்படிச் சொன்னது தப்புதான் என்றான், தரையைப் பார்த்து.

"நூல் மட்டும்தாங்க பாக்கி. அதைப் போட்டுட்டா நான் கிளம்பணும்... அதான் கை வரல. வரைஞ்சிடவா?"

செல்வி குருவியையே பார்த்தாள். மூச்சு வாங்கியது.

"வேணாங்க. நூல் போயி எத்தினி காலமாச்சி... அது பறந்துடுச்சா? அந்த விரலைத்தான் பிடிச்சிட்டு உக்காந்திருக்குது."

"பாடு படப்போறது தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான்..." குரல் இறங்கியது. "நானும்தான். ஞாயித்துக்கிழமைக்குள்ள எங்கப்பாவ வந்து பாருங்க."

அவன் பிரஷ்ஷைக் கழுவிப் பெட்டியில் வைத்து மூடினான்.

"ஞாயிறு வரைக்கும் எதுக்குங்க... இப்பவே வர்றேன்."