பத்துப் பேருக்கு அனுப்பவும்

அமலோற்பவம் ஓட்டும் பனிவண்டிக்குத் தினமும் காலை ஏழு மணிக்கு வீட்டிலிருந்து இரண்டு மூச்சுகள் வந்து சேரும். ஒன்று கணவன் இருதயராஜுடையது. நீளமாக வந்து கொட்டாவியில் முடியும். இன்னொன்று மகள் பவளத்தினுடையது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஊதத் தெரியாது. பூ, பூ என்று எச்சில் தெறிக்கத் துப்பும். அந்தத் துப்பலைக் கேட்ட பிறகுதான் அமலி வண்டியை நகர்த்துவாள்.

செவ்வாய்க் கோளின் புதுச்செந்துறையில் சுவரில் ஊதாமல் யாரும் பல் துலக்குவதில்லை. தரைக்கு அடியில் குடைந்த குழாய்த்தெருக்களில் நாலாயிரம் பேர் ஒரே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிச் சுவாசிக்கிறார்கள். ஒருவருக்கு இருமல் வந்தால் ஊருக்கே வந்த மாதிரி. அதனால் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு நாடியான் பதித்திருந்தார்கள். மூச்சு, சூடு, துடிப்பு மூன்றையும் பார்த்து நோயைச் சொல்லும் கருவி. மருந்துப் பெட்டியின் பூட்டும் அதன் வசம்தான். வெளியூர் போன பெற்றோருக்குப் பிள்ளையின் நிலவரத்தை அனுப்புவதும் அதன் கடமை. எல்லாம் இருந்தது, கை மட்டும் இல்லை. ஆகவே சொல்லத்தான் முடியும். செய்ய வேண்டியவர்கள் மனிதர்கள்.

அன்று இரண்டாவது மூச்சில் எச்சில் சத்தம் இல்லை. சின்னச் சின்னதாக, அவசரமாக வந்தது. பின்னாலேயே நாடியானின் குரலும் வந்தது.

"பவளத்துக்குக் காய்ச்சல். நூற்று மூன்று. பூமியிலிருந்து போன வாரம் இறங்கிய கப்பலோடு வந்த சாதாரணக் கிருமி. ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை. தண்ணீர் குடிக்கிறாள், அழுகிறாள், என்னைப் பார்த்து முறைக்கிறாள். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். இருதயராஜ் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்."

அமலி வடக்குப் பனிச்சுரங்கத்திலிருந்து இருபது டன் பனிக்கட்டியோடு திரும்பிக்கொண்டிருந்தாள். வீடு இன்னும் பத்து மணி நேரம். பளு வண்டி, விரட்டினால் கவிழும். நூற்று மூன்று என்றதும் அவள் கால் தானாக மிதியை அழுத்தியது. வண்டி சிணுங்கியது. காலை எடுத்தாள்.

ஒன்பது மணிக்கு நாடியான் மறுபடி கூப்பிட்டது.

"ஒரு சிரமம். உங்கள் கணவர் என் வாயை அடைத்துவிட்டார்."

"என்னது?"

"பேச்சை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டார். வீட்டுக்குள் நான் பேச முடியாது. உங்களிடம் பேசத் தடையில்லை. பிள்ளையை மூன்று போர்வையில் சுற்றி மடியில் வைத்திருக்கிறார். ஏழு மணிக்கே மருந்துப் பெட்டியைத் திறந்துவிட்டேன். கொடுக்காமல் மூடிவிட்டார். இப்போது நூற்று நாலு. நூற்று ஐந்தைத் தொட்டாலோ பிள்ளை துவண்டாலோ நானே ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிட்டுவிடுவேன். அதுவரை போக விடக்கூடாது என்பதற்காகத்தான் உங்களை அழைத்தேன்."

அமலி வீட்டுக்குப் பேசினாள். முதலில் கேட்டது பவளத்தின் அழுகை. தொண்டை கட்டிப்போன, நீளம் குறைந்த அழுகை. அப்புறம் இருதயராஜின் குரல்.

"நீ வண்டியைப் பாரு அமலி. இங்க நான் பாத்துக்கிறேன்."

"போர்வைய எடுங்க. சூடு வெளிய போக வேணாமா?"

"வேர்க்க வச்சாத்தான் இறங்குமாம். தெருக்குழுவுல ஆறு பேரு அதையே சொல்றாங்க. மருந்து குடுத்தா காய்ச்சல் உள்ளேயே தங்கிருமாம். ஜைனம்பு அக்கா பனிக்கட்டி வைக்கச் சொல்றாங்க. அதுக்குத்தான் பெரிய கட்டியா ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்."

"நாடியான் என்ன சொல்லுச்சு?"

"அது கெடக்கு. பிள்ளை நெருப்பாக் கொதிக்குது. அது என்னமோ தண்ணிக்குழாய் அடைச்சிருக்குன்னு சொல்ற மாதிரி, 'பதற வேண்டாம், ஆபத்தில்லை'ன்னு ஒரே குரல்ல சொல்லிக்கிட்டே இருக்கு. அதுக்குப் பிள்ளையா குட்டியா?" அவன் குரல் உடைந்தது. "கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருக்கு அமலி. என் சட்டையப் புடிச்சிக்கிட்டு விட மாட்டேங்குது."

அவன் அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் சண்டை போட மனம் வரவில்லை. "நான் சொல்றேன்ல, போர்வைய மட்டும் எடுங்க" என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"நீயும் அந்தப் பெட்டி சொல்றதத்தான் சொல்லுவ" என்று சொல்லி அவன் தொடர்பைத் துண்டித்தான்.

வண்டிக்கு வெளியே செம்புழுதி சுழன்று கண்ணாடியில் அப்பிக்கொண்டிருந்தது. அமலி துடைப்பானைப் போட்டாள். பிள்ளை பசித்தால் எப்படி அழும், தூக்கம் வந்தால் எப்படி அழும் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவள் அவள். இருந்து என்ன? கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவன் கேட்க வேண்டுமே. ஏழு வருடக் குடித்தனத்தில் அவனைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. இருதயராஜ் முட்டாள் அல்ல. காற்றுக்குழாய் பழுது பார்ப்பதில் அந்த ஊரிலேயே கெட்டிக்காரன். ஆனால் பயந்துவிட்டால் அவனுக்கு ஒருவர் சொல்வது காதில் ஏறாது. பலர் சொல்வதுதான் ஏறும்.

"நாடியான், அவர் குழுவைப் பாத்துக்கிட்டேதான் இருக்காரா?"

"அரை நிமிடத்துக்கு ஒரு முறை."

"சரி. நீ அவர்கிட்டச் சொன்னதை எல்லாம் எனக்குச் சொல்லு. ஒவ்வொண்ணா, மெதுவா. நான் எழுதணும்."

வண்டியைத் தானோட்டத்தில் விட்டுவிட்டு எழுதத் தொடங்கினாள். நாடியான் சொன்னதில் ஒன்றையும் அவள் மாற்றவில்லை. உடுப்பு மட்டும்தான் வேறு.

'உடனே படிக்கவும். காய்ச்சலில் கொதிக்கும் பிள்ளையைப் போர்த்தாதீர்கள், மெல்லிசாக ஒரே ஒரு சட்டை போதும். பனிக்கட்டியும் குளிர்ந்த நீரும் கூடவே கூடாது, பிள்ளைக்கு நடுக்கம் எடுத்தால் உள்சூடு இன்னும் ஏறும். தாய்ப்பாலோ கஞ்சித்தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுத்துக்கொண்டே இருக்கவும். காய்ச்சல் மருந்து கொடுக்கலாம், ஆனால் எடைக்குத் தக்க அளவு உங்கள் நாடியானிடம் கேட்டுத்தான். அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரம் ஆகட்டும். சிறுநீர் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவும். பிள்ளை துவண்டு விழுந்தால், எழுப்பியும் விழிக்காவிட்டால், மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், எட்டு மணி நேரமாகத் துணியை நனைக்காவிட்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கவும்.'

கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'பத்துப் பேருக்கு அனுப்பவும்.'

"அந்தக் கடைசி வரி நான் சொன்னதில்லை" என்றது நாடியான். "பத்துப் பேருக்கு அனுப்புவதால் காய்ச்சல் இறங்காது."

"எங்க வீட்டுல இறங்கும்" என்றாள் அமலி.

அவளே குழுவில் போட்டால் இருதயராஜுக்கு விளங்கிவிடும். எதிர்வீட்டு ஜைனம்புவைக் கூப்பிட்டாள். பாசித்தொட்டியில் வேலை செய்யும் ஐம்பது வயதுக்காரி. தெருவில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் ஓடி வருபவள். வந்த செய்தி எதையும் தன்னோடு வைத்துக்கொள்ளாதவள்.

"அக்கா, ஒரு செய்தி அனுப்பியிருக்கேன். குழுவுல போடுவீங்களா?"

ஜைனம்பு வாய்விட்டுப் படித்தாள். பாதியில் நிறுத்தினாள். "நான் பனிக்கட்டி வைன்னுல்ல சொல்லியிருக்கேன் புள்ள. இது வேற மாதிரி சொல்லுதே. யாரு எழுதுனது?"

நான்தான் என்று சொல்ல அமலி வாயெடுத்தாள். சொன்னால் ஆயிரம் கேள்வி வரும்.

"தெரியலக்கா. வந்துச்சு."

"வந்துச்சா? அப்பச் சரி" என்றாள் ஜைனம்பு. குரலில் இருந்த சந்தேகம் போய்விட்டது.

அதன் பிறகு பதினைந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அமலி புழுதியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜெபம் சொல்லத் தொடங்கி, பாதியில் வரி மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"போர்வை போய்விட்டது" என்றது நாடியான்.

அவள் மூச்சை விட்டாள்.

"மூன்றும் போய்விட்டன. பனிக்கட்டி தொட்டிக்குள் போய்விட்டது. என் வாயையும் திறந்துவிட்டார்."

"என்ன சொன்னாரு?"

"'இந்தச் செய்தியில உங்கிட்ட அளவு கேக்கணும்னு போட்டிருக்கு, சொல்லு' என்றார். சொன்னேன். 'இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம்ல' என்று கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"பிள்ளை மருந்தை விழுங்கிக்கொண்டிருந்தாள். பாதியைத் துப்பிவிடுவாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

பகல் முழுவதும் அரை மணிக்கு ஒரு செய்தி வந்தது. ஏழு கரண்டி கஞ்சித்தண்ணீர். சிறுநீரில் நனைந்த துணி ஒன்று. நூற்று இரண்டரை. தோளில் போட்டுக்கொண்டு அறையை நாற்பது சுற்று. மறுபடி ஈரத்துணி. நூற்று ஒன்று. அப்பாவின் மூக்கைப் பிடித்து இழுத்தாள். கடைசிச் செய்தியை அமலி இரண்டு முறை கேட்டாள்.

அவள் கவச உடுப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது தெருவிளக்கு இன்னும் மாலை மஞ்சளில்தான் இருந்தது. பவளம் மெல்லிய சட்டையோடு வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தே இருதயராஜும் தூங்கியிருந்தான். பிள்ளையின் ஒரு பாதம் அவன் உள்ளங்கையில் இருந்தது.

அமலியின் கைகள் வெளிக்குளிரில் சில்லிட்டிருந்தன. தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள். காலையிலிருந்து அந்தச் சூட்டை எண்ணாகத்தான் அறிந்திருந்தாள். கையில் பட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. பவளம் கண் திறக்காமலே அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

இருதயராஜ் விழித்தான். "பயப்படாத, இறங்கிருச்சு" என்று மெதுவாகச் சொன்னான். "நல்லவேளை, குழுவுல ஒரு செய்தி வந்துச்சு. யாரு பெத்த பிள்ளையோ, புண்ணியவான், அப்படியே நம்ம வீட்டுல வந்து பாத்த மாதிரி எழுதியிருந்தான். இல்லன்னா நான் என்ன செஞ்சிருப்பேனோ."

அவன் முகத்தில் ஒரே நாளில் நாலு வயது கூடியிருந்தது. சட்டைத்தோளில் கஞ்சி காய்ந்திருந்தது. அமலி சுவரைப் பார்த்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மார்பில் செம்புள்ளி பூத்தது. இது விடைபெறும் அடையாளம், இரண்டு நாளில் மறையும் என்றது நாடியான். மறைந்தது. இருதயராஜ் நன்றியோடு அந்தச் செய்தியைப் பத்துப் பேருக்கு அல்ல, பூமியில் தூத்துக்குடியில் இருந்த சித்தப்பா மகன் உட்பட அறுபது பேருக்கு அனுப்பினான்.

நான்கு மாதம் கழிந்தது. கடைவாய்ப்பல் முளைக்கிற சமயத்தில் பவளத்துக்கு இன்னொரு கிருமி தொற்றி லேசாக உடம்பு சுட்டது. நூறரை. இந்த முறை அமலி வீட்டில்தான் இருந்தாள். பதற்றம் இல்லை. மெல்லிய சட்டை மாட்டினாள், கஞ்சித்தண்ணீர் ஊட்டினாள். பிள்ளை விளையாடிக்கொண்டே தூங்கிப்போனது.

அப்போதுதான் இருதயராஜ் வேலையிடத்திலிருந்து ஒரு செய்தியை அனுப்பினான். 'தூத்துக்குடியிலிருந்து தம்பி அனுப்பியிருக்கிறான். பூமியின் மூத்த மருத்துவர்கள் அறுவர் சேர்ந்து எழுதியதாம். பார்.'

அமலி படித்தாள். முதல் வரியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு ஒளிநிமிடத் தூரம் போய்த் திரும்பியிருந்தது அவளுடைய செய்தி. 'மெல்லிசாக' என்ற பேச்சுச்சொல்கூட அவளுடையதுதான். ஆனால் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லும் வரிக்கு முன்னால் புதிதாக ஒன்று முளைத்திருந்தது: 'பிள்ளையின் தலைமாட்டில் ஒரு கிண்ணம் கல்லுப்பு வைக்கவும். அது சூட்டை இழுத்துக்கொள்ளும்.'

அவள் சிரிப்பு மெல்ல நின்றது. மறுபடி படித்தாள்.

"நாடியான், இதைப் பாத்தியா?"

"பார்த்தேன். உப்பு வரியைத் தவிர மற்றவை நீங்கள் எழுதியவை."

"எனக்குத் தெரியாதா? உப்பு வரி யாரு எழுதுனது?"

"தெரியவில்லை. அதற்கு ஆதாரமும் இல்லை. உப்பு சூட்டை இழுக்காது."

"தெரியும்" என்றாள் அமலி.

பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு ஏறவில்லை. சமையல் மூலைக்குப் போய்ப் பாத்திரங்களை அடுக்கினாள். அடுக்கியதை எடுத்து மறுபடி அடுக்கினாள். பிறகு மேல்தட்டிலிருந்து உப்பு டப்பாவை இறக்கி, ஒரு கிண்ணத்தில் கொட்டி, தூங்கும் பிள்ளையின் தலைமாட்டில் சத்தமில்லாமல் வைத்தாள்.

"அமலோற்பவம் அவர்களே, அதனால் பயன் இல்லை" என்றது நாடியான்.

"மெதுவாப் பேசு, பிள்ளை முழிச்சிரும்" என்றாள் அமலி. "பூமியிலேர்ந்து வந்திருக்கு. எதுக்கும் இருக்கட்டும்."