இரண்டு தட்டு

றஞ்சிதம் காலையில் கதவடியில் வைத்த கஞ்சி, பின்னேரமாகியும் ஆடை படர்ந்து அப்படியே கிடந்தது. ஆனால் அவள் கேட்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

முற்றத்தோரம் வலை வைக்கும் அந்த அறையில் அவள் புருஷன் மில்ரன் காய்ச்சலோடு தனியே படுத்திருந்தான். வங்காலை ஊர் முழுக்க அதே காய்ச்சல். இது கைக்குழந்தை இருக்கிற வீடு. "தனி அறை, தனிக் கோப்பை, பிள்ளைக்குக் கிட்ட வரவே கூடாது. மூச்சு இழுத்தா மட்டும் பொறுக்காதேங்கோ, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்கோ" என்று மிட்வைஃப் அருள்நாயகி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மில்ரன் தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுக்கொண்டான். தொண்டை கட்டிப் பேச்சு நின்றதும் படகுப் பழக்கம் கைகொடுத்தது. எஞ்சின் இரைச்சலில் குரல் எடுபடாது. படகின் முன்பக்கம், அணியத்தில் நிற்கும் மில்ரன் பலகையில் இரண்டு தட்டினால், எல்லாம் சரி, ஒருத்தரும் வரத் தேவையில்லை என்று அர்த்தம்.

"இஞ்சரப்பா, மூச்சு இழுக்குதோ?"

டொக். டொக்.

அந்தச் சத்தத்தைத்தான் அவள் மலைபோல நம்பியிருந்தாள். நேற்று இருமல் நின்றபோது, சுகம் வருகிறதென்று மாதாவுக்கு மெழுகுதிரிகூடக் கொளுத்தினாள். இன்று காற்றுத் திரும்பியபோது கதவிடுக்கால் ஒரு நெடி கசிந்து, அடுப்படிவரை வந்து, அவள் சேலையிலும் ஒட்டிக்கொண்டது. பழைய வலை நாறுகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். வலை அப்படி நாறாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

குழந்தையைப் பார்க்க வந்த அருள்நாயகி, முற்றத்திலேயே நின்று மூக்கைச் சுளித்தார். நேரே வலை அறையின் ஜன்னலைத் தள்ளித் திறந்தார். பிறகு அசையவில்லை.

"றஞ்சிதம், இவர் கடைசியா எப்ப கதைச்சவர்?"

"இப்பவும் தட்டினவர், மிஸ்."

"இல்லையம்மா. உடம்பு ஊதிப்போய்க் கிடக்குது. நேற்றே போயிட்டார்."

றஞ்சிதத்துக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அப்படியென்றால் தட்டியது யார்?

வீட்டுக்குள் ஏணைத் தொட்டிலில் குழந்தை இருமியது. வறட்டு இருமல். பிறகு மூச்சு இழுக்கும் சத்தம்.

ஓடினாள்.

வாசற்கதவு சாத்தியிருந்தது. அவள் சாத்தவில்லை. உள்ளே கொண்டி விழுந்திருந்தது.

"பிள்ளை! என்ர பிள்ளை!"

இருமல் நின்றது.

கதவின் மறுபக்கம், அவள் முகத்துக்கு நேரே.

டொக். டொக்.