முறிகண்டியில் நிற்காத வான்

மகள் வீட்டில் இறங்கிவிட்டாள் என்ற குறுஞ்செய்தி அன்று பின்னேரம் இரண்டாவது தடவையும் வந்தபோது, மகள் மதுசியா குசினியில் இருந்து பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்தாள். பாடசாலை வான் அவளை விட்டுவிட்டுப் போய்க் கொஞ்ச நேரமாகியிருந்தது. மார்கழி மழை ஓட்டில் விழுந்து, பீலியால் இறங்கி, முற்றத்தில் வைத்திருந்த வாளி நிரம்பி வழியும் சத்தத்துக்கு மேலால், கேற்றடியில் ஒரு வான் வந்து நின்று, அதன் பக்கக் கதவு இழுபட்டுத் திறந்து, திரும்ப இழுபட்டு மூடுவது தகப்பன் சிவகரனுக்குக் கேட்டது. யன்னலால் எட்டிப் பார்த்தான். ஒழுங்கையில் வானும் இல்லை, ஆளும் இல்லை.

"குப்பைச் சிஸ்டம்" என்று முணுமுணுத்துவிட்டு மடிக்கணினிக்குத் திரும்பினான். குப்பை என்று அவன் சொன்னது தனக்கு முன் அந்த வேலையைச் செய்த பஸ்னாவின் கைவேலையை. வேலையை அவன் பொறுப்பெடுத்து ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள் அவளை ஒரு முட்டாள் என்று தீர்மானித்திருந்தான்.

முட்டாள்களுக்கு அங்கே பஞ்சம் இருக்கவில்லை. கொழும்பில் பெரிய கொம்பனியில் குளிரூட்டிய அறையில் இருந்து வேலை செய்தவன் அவன். மனைவி பிரேமிளாவுக்கு மாங்குளத்துக்குத் தாதியாக மாற்றம் வந்தபடியால், பிரதான வீதியில் இருந்து உள்ளுக்குள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் வாடகை வீடெடுத்துக் குந்தவேண்டி வந்தது. கிளிநொச்சியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இயங்கிய சின்னக் கொம்பனி வீட்டில் இருந்தே செய்ய வேலை கொடுத்தது. அதன் முதலாளி செல்வநாயகம், கிளஸ்ரர் என்றால் என்னவென்று தெரியாமலே தனக்கும் ஒன்று வேண்டும் என்று நின்ற மனிதர். அவர் முன்னால் சிவகரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுவான்.

பாடசாலை வான்கள் எங்கே போகின்றன, எந்தப் பிள்ளை ஏறியது, எது இறங்கியது என்று பெற்றோருக்கு அறிவிப்பதுதான் அந்தச் சிஸ்டம். அது பல துண்டுகளாக, ஒவ்வொரு துண்டும் கொன்ரெய்னர் என்னும் தனித்தனி மென்பொருள் பெட்டிக்குள், ஒரேயொரு பழைய கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. எதை முதலில் எழுப்புவது, எது எதற்காகக் காத்திருப்பது என்பதையெல்லாம் பஸ்னா ஒரு கோப்பில் எழுதியிருந்தாள். அதைப் பிரித்து, பல கணினிகள் சேர்ந்து தாங்கும் கிளஸ்ரருக்குப் பொருந்தும்படி மாற்றி எழுதுவது சிவகரனின் வேலை. கிளஸ்ரரில் ஒன்று விழுந்தால் அதைப்போலவே இன்னொன்று தானாக எழும்பும். முன்னுக்கு ஆர், பின்னுக்கு ஆர் என்று ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

பஸ்னாவின் கோப்பில் மற்ற எல்லாத் துண்டுகளும் ஒன்றுக்காகக் காத்து நின்றன. அதற்கு அவள் "தரிப்பு" என்று பெயர் வைத்திருந்தாள். வான் முறிகண்டிக் கோயிலடிக்கு வந்ததும் அது சாரதியின் கைபேசிக்கு நிற்கச் சொல்லும். சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வரும்வரைக்கும் மற்ற வேலைகளைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே இருக்கும் தலைகளைத் திரும்ப எண்ணிப் பார்த்து, சரி என்றால் போகச் சொல்லும். மூன்று வரியில் எழுதவேண்டிய விசயத்துக்கு ஒரு முழுக் கொன்ரெய்னர். கலியாணம் கட்டிப் புத்தளத்துக்குப் போயிருந்தவளை அவன் கைபேசியில் அழைத்தான், விளக்கம் கேட்க என்றில்லை, குத்திக் காட்டத்தான்.

"கோயிலடியிலை நிப்பாட்டுறதுக்கும் ஒரு கொன்ரெய்னரோ, தங்கச்சி?"

"முறிகண்டியிலை நிக்காமல் ஒரு வாகனமும் போறேல்லை, அண்ணை. நான் முஸ்லிம் பிள்ளை, ஆனா எங்கட வாப்பாட லொறியும் அதிலை நிண்டுதான் போகும். நிக்கிற நேரத்திலை தலையை எண்ணுவம் எண்டு வச்சனான்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "சில நாளிலை வரேக்கை ஒரு தலை கூடவா இருக்கும். நிண்டு கும்பிட்டாப் பிறகு எண்ணினாச் சரியா இருக்கும்."

"சென்சர் பிழை."

"அப்பிடியும் இருக்கலாம். அதை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ."

சிவகரன் வாய்விட்டுச் சிரித்தான். அன்றைக்கே எடுத்தும் போட்டான். கிளஸ்ரரில் எல்லாம் ஒரேயடியாக எழும்பின. வான்கள் நேரத்தோடு வீடு வந்தன. செல்வநாயகம் தோளில் தட்டினார். மாங்குளம் வான் ஓட்டும் வீரகத்தி மட்டும் அழைத்து, "தம்பி, போன் நிக்காமல் போகச் சொல்லுது. எப்பிடி நிக்காமல் போறது?" என்றார். "போன் சொல்லுறதைச் செய்யுங்கோ, அண்ணை. பிந்தினா முதலாளிக்கு ரிப்போட் போகும்." மனிதர் நிற்காமல் ஓட்டத் தொடங்கினார். முறிகண்டியைத் தாண்டி அந்த வானில் வரும் கடைசிப் பிள்ளை மதுசியாதான்.

குறுஞ்செய்தி இரண்டு தடவை வந்ததற்கு அடுத்த நாளும் மழை. பிரேமிளா வேலைக்குப் போய்விட்டாள். பின்னேரம் கரண்டும் போய், வீட்டுக்குள் மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும் எஞ்சியது. குறுஞ்செய்தி வந்தது. முன்கதவு திறந்து மூடிக்கொண்டது. ஈரமில்லாத சின்னக் காலடிகள் அவனுடைய கதிரைக்குப் பின்னால் போய்க் குசினிக்குள் நுழைந்தன, கூடவே பச்சை இலையைக் கசக்கினால் வரும் மணமும், அணைந்த கற்பூரத்தின் மணமும். சிவகரன் திரும்பிப் பார்க்கவில்லை.

"கோப்பையிலை சோறு மூடி வச்சுக் கிடக்கு, சாப்பிடு" என்றான்.

"ஓம் அப்பா" என்று குசினியில் இருந்து பதில் வந்தது.

அவன் செல்வநாயகத்துக்கு அனுப்பவிருந்த அறிக்கையைத் தொடர்ந்தான். பழைய வடிவமைப்பு எவ்வளவு மோசம் என்பதைப் பந்தி பந்தியாக எழுதுவதில் அவனுக்கு உண்மையிலேயே சந்தோசம் இருந்தது. அப்போது திரும்பவும் செய்தி வந்தது. கேற்றடியில் வான் நின்றது, இந்த முறை ஹோனும் அடித்தது. கதவு இழுபட்டது. வான் சேற்றை அரைத்துக்கொண்டு போகும் சத்தம் தேய்ந்து மறைந்தது. எரிச்சலோடு எழும்பி யன்னலடிக்குப் போனான்.

கேற்றுக்கு வெளியே மதுசியா நின்றாள்.

வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்திருந்தது. புத்தகப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கேற்றை ஆட்டினாள்.

"அப்பா, கேற்று பூட்டிக் கிடக்கு."

சிவகரன் குசினிப் பக்கம் திரும்பினான். கிளஸ்ரரைப்பற்றி அவனுக்குத் தெரிந்தது எல்லாம் ஒரேயடியாக நினைவுக்கு வந்து, ஒன்றும் உதவவில்லை.

"ஆரப்பா அது?" குசினியில் இருந்து மதுசியாவின் குரல் கேட்டது. அமைதியான குரல்.

"ஒருத்தரும் இல்லை" என்றான். "நீ சாப்பிடு."

வெளியே நின்றது அழத் தொடங்கியது. "ஏனப்பா பாத்துக்கொண்டு நிக்கிறியள்? எனக்குக் குளிருது."

அழுகை அச்சொட்டாக அவளுடையதாகவே இருந்தது. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. உள்ளே இருப்பவள்தான் முதலில் வந்தவள். முதலில் வந்தவள்தான் பிள்ளை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது. வாசற்கதவின் கொண்டியைப் போட்டான். மடிக்கணினிக்கு ஓடினான். எறிந்துவிட்ட தரிப்பைப் பழைய கோப்பில் இருந்து பிடுங்கி எடுத்து, ஒழுங்குகூடப் பார்க்காமல் எழுதி, கிளஸ்ரருக்குள் தள்ளினான். பஸ்னாவின் வரிகள் எழுத்துப் பிசகாமல் அப்படியே. திரையில் அது எழும்பியது. மற்றவை எல்லாம் நின்றன. தலைகளை எண்ணியது.

கைபேசியில் ஒரு செய்தி. தரிப்பில் ஒருவர் இறக்கப்பட்டார்.

அழுகை பாதியில் நின்றது. யன்னலால் பார்த்தான். கேற்றடி வெறுமையாகக் கிடந்தது. மழை மட்டும்.

சிவகரன் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. பஸ்னாவின் குப்பை கடைசியில் வேலை செய்துவிட்டது, அவளிடம் சொல்லப்போவதில்லை. தேத்தண்ணி போடுவோமா என்று யோசித்துவிட்டு, கதிரையிலேயே குந்தி அறிக்கையை அழித்துத் திருத்தத் தொடங்கினான். குசினிப் பக்கம் கோப்பையில் கை படும் சத்தம்கூட வரவில்லை. பிள்ளை களைத்துப்போயிருக்கும். நன்றாக இருட்டிவிட்டது.

வீரகத்தி அழைத்தார்.

"தம்பி, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" பின்னால் லொறிகள் போகும் இரைச்சல். "திரும்பி வரேக்கை போன் முறிகண்டியிலை நிக்கச் சொல்லிச்சுது, நிண்டனான். உங்கட பிள்ளை இதிலை காட்டோரமா நிக்குது. தனிய."

"என்ர பிள்ளை வீட்டிலை நிக்குது."

"தம்பி, நான்தானே உங்கட கேற்றடியிலை இறக்கிவிட்டனான். அதே பிள்ளை. ஒரு பின்னல் அவிண்டு கிடக்கு. எப்பிடி இஞ்சை வந்தது எண்டு கேட்டா அழுகுது. முறிகண்டிக்குப் பிறகு என்ர வானிலை வேற ஆரும் இருக்கேல்லை."

சிவகரன் யன்னலால் கேற்றைப் பார்த்தான். பூட்டு. காலையில் பிள்ளையும் பிரேமிளாவும் போனபின் அவன் போட்ட பூட்டு. திறப்பு அவனுடைய சட்டைப் பையில் இருந்தது. பின்னேரம் அவன் அதை ஒருவருக்கும் திறந்துவிடவில்லை.

"பிள்ளையிட்டை குடுங்கோ" என்றான்.

கைபேசி கை மாறும் சத்தம். மழை. விம்மல்.

குசினி வாசலுக்குப் போனான். போகக்கூடாது என்று தெரிந்தும் போனான். கைபேசியின் வெளிச்சத்தை உயர்த்தினான்.

அது மேசையடியில் நின்றது. முதுகு காட்டியபடி. இரட்டைப் பின்னல் குலையவில்லை. சட்டையில் ஒரு துளி ஈரம் இல்லை. சோறு மூடியபடியே இருந்தது.

"அப்பா" என்றது கைபேசி.

"அப்பா" என்றது மேசையடி. அதே நேரத்தில். அதே விம்மலோடு.

"என்னை ஏன் இதிலை விட்டனீங்கள்" என்று இரண்டும் சேர்ந்து கேட்டன. கைபேசிக்குள் அவனுடைய பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். மேசையடியில் நின்றது மெல்லத் திரும்பியது, அழுகைக்கு ஏற்றபடி வாயை அசைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு.