மூலை வைஸ்

பிரேசர் டவுனில் அந்த மாலை நேரத் தொழிற்கல்விக் கூடத்தை வெள்ளைக்காரன் காலத்தில் திறந்தார்கள். பகலெல்லாம் மில்லிலும் ரயில்வேயிலும் உழைத்தவர்கள் சாயங்காலம் அங்கே படித்து ஆளாகிப் போனார்கள். இப்போது 1999. அடுத்த வருஷம் அந்தக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வரப்போகிறது. நாராயணசாமிக்கென்று வாய்த்தது கடைசி பேட்ச்.

மர்பி டவுன்காரர். ஃபேக்டரியில் பல வருஷமாக ஹெல்பர். ஃபிட்டர் ஆக சர்டிபிகேட் வேண்டும். இல்லாவிட்டால், தனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கெல்லாம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே ரிடையர் ஆக வேண்டியதுதான்.

பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ்களில் பாதியை அதற்குள் சிவாஜிநகர் பழைய இரும்புக்காரர் தூக்கிப் போயிருந்தார். மற்றவர்கள் ஒரு வைஸுக்கு இரண்டு பேராக நெருக்கியடித்து நிற்க, ஜன்னலோர மூலையில் ஒன்று மட்டும் காலியாக இருந்தது. ஏன் என்று அவர் யோசிக்கவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்த மாதிரி போய் நின்றுகொண்டார்.

பரீட்சை ஜாப் பார்க்க எளிதுதான். இரும்புக் கட்டியைச் சதுரமாக அராவி, தகட்டிலுள்ள துளையில் ஆடாமல் பொருத்த வேண்டும். நாராயணசாமி சரியாகத்தான் அராவினார். மறுநாள் வந்து பார்த்தால் கட்டி துளையில் லொடலொடவென்று ஆடியது. கீழே புதிதாக இரும்புத்தூள்.

வேறு கட்டி எடுத்தார். அதுவும் அப்படியே ஆயிற்று. எவனோ வேண்டுமென்றே செய்கிறான் என்று பொருமினார். இன்ஸ்ட்ரக்டர் ஸ்ரீகண்டனோ, உங்களுக்குக் கை பாரம் அதிகம் என்று மேசையை விட்டு எழாமலே சொல்லிவிட்டார். யாரிடம் போய் முட்டிக்கொள்வது? வீட்டில் மனைவி மரகதத்திடம் எரிந்து விழுந்தார்.

பரீட்சைக்கு முதல் நாள் மாலை கடைசிக் கட்டியை முடித்தார். வழக்கம்போல் அரத்தை வைஸ் மேல் வைத்து, அரத்தின் பிடியை எதிர்ப்பக்கம் திருப்பினார். அன்றைக்குத்தான் ஸ்ரீகண்டன் அதைப் பார்த்தார்.

"என்ன சாமி பண்றீங்க?"

ஃபேக்டரிப் பழக்கம் என்றார் நாராயணசாமி. ஷிப்ட் முடிந்து போகிறவர், வேலை பாக்கியிருந்தால் பிடியை அடுத்த ஆள் பக்கம் திருப்பி வைப்பார். மீதியை நீ செய் என்று அர்த்தம். இங்கேயும் கை தன்னால் அப்படியே வைத்துவிடுகிறது.

ஸ்ரீகண்டனின் முகம் வெளுத்தது. "இந்த வைஸ்ல ஒரு மில்லு ஆளு இருந்தாரு. பரீட்சைக்கு முந்தின நாள், ஜாப் முடியாம, நின்னபடியே சாஞ்சு செத்துப்போனாரு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்."

"மத்தவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. உங்ககிட்டயும் சொன்னா யாருங்க இங்க நிப்பாங்க?"

கரண்ட் போயிற்று. மெழுகுவர்த்தி எடுத்து வருவதாகச் சொல்லி ஸ்ரீகண்டன் வெளியே நழுவினார்.

இருட்டில் எண்ணெய் வாசனையோடு பஞ்சுத் தூசி நாற்றம் எழுந்தது.

சர்ர்... சர்ர்...

அரம் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

பயத்தை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. இந்தக் கட்டியும் போனால் வேறு கட்டி கிடையாது, வேறு பேட்சும் கிடையாது. எட்டி அரத்தைப் பிடித்தார்.

பிடியில் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

சில்லென்று, விரலெல்லாம் காய்த்துப்போய்.

ஷிப்ட் மாறும்போது சொல்கிற வார்த்தைதான் அவர் வாயில் வந்தது.

"நீங்க கிளம்புங்கண்ணே. மீதிய நான் பாத்துக்கறேன்."

கை விலகியது.

மறுநாள் கட்டி ஆடவில்லை. தகட்டோடு வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒரு கீற்றுகூடத் தெரியவில்லை. பாஸ். ஃபேக்டரியில் ஃபிட்டர் ஆக்கினார்கள். மரகதம் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள்.

ஃபிட்டராகச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் பத்ரிநாத் ஒரு ஜாப் கொடுத்தார். நாராயணசாமி அராவினார். பத்ரிநாத் அளந்து பார்த்து, அளவு கச்சிதம், எடுத்து வைத்துவிடுங்கள் என்றார்.

நாராயணசாமி தலையாட்டினார்.

கை மறுபடி அரத்தை எடுத்தது.

"போதும் சாமி. கெட்டுடும்."

"தெரியுது சார்." அவர் மற்ற கையால் அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். "நானும் அதத்தான் சொல்றேன். கை கேக்க மாட்டேங்குது. இன்னும் மீதி இருக்குங்குது."

கட்டி தேய்ந்து, அரம் வைஸின் தாடையை உரசத் தொடங்கியது. கை நிற்கவில்லை.