அவளிடம் யாரும் கேட்கவில்லை

சென்னை ஆஸ்பத்திரியில் வந்து சேரச் சொன்ன நாள் கடந்துபோயிற்று. வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

லத்தீஃபாவின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. செங்கல்பட்டு டாக்டர் புற்றுநோய் என்றார். உடனே மருந்து ஏற்றினால் பிழைக்கலாம் என்றார். பிறகு அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, கணவன் அமீரிடமும் மாமியார் அமீனா பீவியிடமும் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்.

எப்போது போகிறோம் என்று கேட்டதற்கு, டாக்டர் லீவு என்றான் அமீர். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். கோவளத்து வீட்டில் அவளுக்குத் தினமும் பாலும் முட்டையும் வந்தன. சன்னல் வழியே கருவாட்டு வாடையும் அலைச்சத்தமும் ஓயாமல் உள்ளே வர, பக்கத்து அறையில் தாயும் மகனும் தணிந்த குரலில் பேசுவதும், அவள் இருமினால் பேச்சு சட்டென்று அறுந்துபோவதுமாக நாலு மாதம் ஓடியது. கட்டி எலுமிச்சையளவு ஆனது. வயிற்றில் பிள்ளை தங்கியது. அன்றைக்குத்தான் அமீனா பீவி முதல்முறையாக அவள் நெற்றியில் முத்தமிட்டாள்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ் ரெபேக்காள் பஸ் ஏறி வந்தாள். அவள் குரல் கேட்டதுமே அமீனா பீவி லத்தீஃபாவின் அறைக் கதவை வெளியே தாழிட்டாள்.

"மருந்து ஏத்துனா அப்பறம் கொயந்த தங்காதுன்னுதான் டாக்டரு சொன்னாரு. வைத்தியமே வாணாம்னா சொன்னாரு? அந்தப் பொண்ணாண்ட கேட்டீங்களா?"

"அவளாண்ட இன்னா கேக்கறது? மொதல்ல பொறக்கட்டும். அப்பறம் எங்க வேணா இட்டுகினு போறோம்."

"அது வரிக்கும் தாங்காதும்மா."

"கொயந்தயா?"

"உங்க மருமவ."

பிறகு அமீனா பீவி மெதுவாகக் கேட்டாள்:

"கொயந்தைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

லத்தீஃபா எழுந்தாள். கதவைத் தள்ளினாள். அசையவில்லை. கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கையால் தட்டினாள். கையில் பலமில்லை. செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியது. தெருவில் தேய்ந்தது.

பஸ் கிளம்பியது.

தாழ் விலகியது. அமீனா பீவி பால் கிளாஸோடு வந்தாள். அவளைப் படுக்கவைத்தாள். முந்தானையை இழுத்துக் கழுத்துக் கட்டியை மூடினாள். குனிந்து வயிற்றில் காதை வைத்தாள்.

"நல்லா கீறியா, ராஜா?"

மேலே லத்தீஃபாவின் தொண்டை விசில்போல் இழுத்துக்கொண்டிருந்தது. அமீனா பீவி தலையைத் தூக்கவே இல்லை. கண்ணை மூடி, சிரித்தபடி, கேட்டுக்கொண்டே இருந்தாள்.